லைவ் பாக்கரட் மேசையில் சேதாரம் எவ்வளவு? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். போனில் லைவ் டீலர் பாக்கரட் மேசையைத் திறந்து வைத்துக்கொண்டு பதினொரு மாதம் உட்கார்ந்தவன் அவன். வெளியே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவனோடு சேர்ந்து அந்த ஆட்டத்தின் கணக்கை வரி வரியாகப் போட்டுப் பார்த்தேன். அது தெரிந்ததிலிருந்து பட்டறைக்காரர்கள், டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர், ஏற்காட்டில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் என்று வாரம் ஒருவராவது ஒரு கேள்வியோடு வருகிறார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று சொன்னவன் தம்பிதான். தன் கதையையும் சேர்த்தே எழுதச் சொன்னான்.

பாக்கரட் என்றால் என்ன சார்? நம்ம உள்ளே–வெளியே மாதிரியா?

கிட்டத்தட்ட. உள்ளே–வெளியேயில் சீட்டு எந்தப் பக்கம் விழும் என்று பணம் வைக்கிறோம். இங்கே இரண்டு பக்கங்களுக்குப் பெயர் பிளேயர், பேங்கர். இரண்டுக்கும் தலா இரண்டு சீட்டு போடுவார்கள், சில சமயம் மூன்றாவதும் வரும். எந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை 9-க்கு அருகில் இருக்கிறதோ அது ஜெயித்தது. சமமாக வந்தால் டை. டையில் பிளேயர் மீதோ பேங்கர் மீதோ வைத்த பணம் அப்படியே திரும்பும்.

ஏஸ் 1. 2 முதல் 9 வரை அதனதன் மதிப்பு. 10, ஜாக்கி, ராணி, ராஜா எல்லாம் பூஜ்யம். கூட்டுத்தொகை இரண்டு இலக்கம் ஆனால் கடைசி இலக்கம் மட்டும்தான் கணக்கு. 15 என்றால் 5. முதல் இரண்டு சீட்டிலேயே ஏதாவது ஒரு பக்கத்துக்கு 8 அல்லது 9 வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

பிளேயர் என்றால் ஆடுகிற நாம், பேங்கர் என்றால் கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அவை இரண்டு பெட்டிகளின் பெயர்கள், அவ்வளவுதான். எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் பணம் வைக்கலாம்.

பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் ஆடிய ஆட்டம் இது. அங்கே ஆடுபவருக்குச் சில இடங்களில் முடிவெடுக்கும் உரிமை இருந்தது. எல்லாமே விதிப்படி நடக்கும் இப்போதைய வடிவம் 1959-ல் கியூபாவின் ஹவானாவிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் போனது. இன்று மக்காவ் கேசினோக்களின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரே ஆட்டத்திலிருந்துதான் வருகிறது.

மூன்றாவது சீட்டு எடுக்கலாமா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது?

யாரும் இல்லை. விதி முடிவு செய்யும். இந்த இடம் புரிந்தால் மற்றது எல்லாம் புரியும் என்பதால் ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தை, அப்படியே காட்டுகிறேன். தம்பி ஒரு நாள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த கை இது.

பிளேயருக்கு ஆர்ட்டின் 7, கிளாவர் 8. மொத்தம் 15, ஆக 5. பேங்கருக்கு ஒரு ராஜா, ஸ்பேடு 6. ஆக 6. பிளேயர் பக்கம் 0 முதல் 5 வரை இருந்தால் மூன்றாவது சீட்டு கட்டாயம். 6, 7 என்றால் நிற்க வேண்டும். இங்கே 5, எனவே எடுத்தார்கள். டைமன்ட் 6 வந்தது. 11, ஆக 1. தம்பி பேங்கர் மீது வைத்திருந்தான். 6-க்கு எதிரே 1. ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தே நின்றுவிட்டான்.

ஆனால் பேங்கருக்கு வேறொரு அட்டவணை இருக்கிறது. பேங்கர் 6-ல் இருக்கும்போது பிளேயரின் மூன்றாவது சீட்டு 6 அல்லது 7 ஆக இருந்தால் பேங்கரும் எடுத்தே ஆக வேண்டும். முன்னால் இருக்கிறோமா பின்னால் இருக்கிறோமா என்று அந்த விதி பார்ப்பதில்லை. டீலர் பெண் சிரித்த முகத்தோடு இன்னொரு சீட்டை உருவி வைத்தார். 4. மொத்தம் 10, ஆக பூஜ்யம். பிளேயர் 1, பேங்கர் 0. தம்பி தோற்றான்.

இதில் அவன் செய்த தவறு என்று ஒன்றுமில்லை. அவன் செய்வதற்கே ஒன்றுமில்லை. பணத்தை வைத்த பிறகு அந்த அறையில் நடப்பதில் ஆடுபவருக்குப் பங்கு கிடையாது. அங்கே சீட்டு போடும் டீலருக்கும் கிடையாது.

அப்போ திறமைக்கு இடமே இல்லையா? சீட்டை எண்ணி ஜெயித்தவர்கள் இருக்கிறார்களாமே?

சீட்டை எண்ணி, அதாவது போன சீட்டுகளை நினைவில் வைத்து, ஜெயித்தது பிளாக்ஜாக் என்ற வேறொரு சீட்டாட்டத்தில். அதைக் கணக்கு போட்டு நிரூபித்த கணித மேதை எட்வர்ட் தோர்ப் பாக்கரட்டையும் விடவில்லை. பிளேயர், பேங்கர் என்ற இரண்டு முக்கியப் பந்தயத்திலும் எண்ணுவதால் கைக்கு உதவும்படி எதுவும் கிடைக்காது என்பதுதான் அவர் கண்டது.

பில் ஐவி என்ற போக்கர் ஆட்டக்காரர் கதையையும் சொல்வார்கள். 2012-ல் லண்டனில் ஒரு கேசினோவில் பாக்கரட் வகை ஆட்டத்தில் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். சீட்டின் முதுகில் அச்சு ஓரம் ஒரே சீராக இல்லாததைக் கவனித்து, எது பெரிய சீட்டு என்று அடையாளம் கண்டுகொண்டார். கேசினோ பணத்தைத் தரவில்லை. 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது ஏமாற்று என்று தீர்ப்பு சொன்னது. உலகின் பெரிய ஆட்டக்காரரே சீட்டின் முதுகைப் பார்த்துத்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. அதுவும் கைக்கு வரவில்லை.

லைவ் டீலர் என்றால் உண்மையான ஆளா, கம்ப்யூட்டர் பொம்மையா?

பெரிய கம்பெனிகளின் மேசைகளில் உண்மையான ஆள்தான். லாட்வியா நாட்டின் ரிகா நகரத்தில் இதற்கென்றே பெரிய ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. டீலர் மாதச் சம்பளத்துக்கு ஷிப்ட் பார்க்கிறார். எட்டு சீட்டுக்கட்டு, அதாவது 416 சீட்டு, ஷூ என்கிற பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொரு சீட்டும் வெளியே வரும்போதே கருவி அதைப் படித்து, முடிவை நம் போன் திரைக்கு அனுப்பிவிடும். ஷூவுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் அட்டை சொருகியிருப்பார்கள்; அது வெளியே வந்தால் அந்த ஷூ முடியப்போகிறது, புதுசாகக் கலைப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேரின் சந்தேகம் டீலர் கை மேல்தான். டீலர் சீட்டை மாற்றுகிறாரா, கேமராவுக்குப் பின்னால் ஏதாவது நடக்கிறதா என்று. டீலர் நேர்மையாகவே போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் நஷ்டம் எல்லாம் நேர்மையாகப் போட்ட சீட்டில் வரும் நஷ்டம்.

சரி, நேர்மையான ஆட்டம் என்றால் பணம் எங்கே போகிறது?

கொலுசுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சேதாரமாகப் போகிறது.

கட்டி வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வளைத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகு போட்டு எடுத்தால் உள்ளே போன எடை வெளியே வராது. ஒவ்வொரு வேலையிலும் கொஞ்சம் தேயும், கொஞ்சம் எரியும். தம்பி பட்டறையில் சாயங்காலம் தரையைக் கூட்டினால் அந்தக் குப்பையை எறிய மாட்டார்கள். கை கழுவிய தண்ணீரைக்கூட ஒரு தொட்டியில் தேக்கி வைப்பார்கள். அடியில் தங்கும் மண்ணில் வெள்ளி இருக்கிறது.

பாக்கரட் மேசையின் சேதாரம் இதுதான். எட்டு கட்டு ஆட்டத்தில் பேங்கர் ஜெயிக்கும் வாய்ப்பு 45.86 சதவீதம், பிளேயர் 44.62, டை 9.52. பேங்கர் கொஞ்சம் அதிகம் ஜெயிக்கிறது. அதனால்தான் பேங்கரில் ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்கள். பிடித்த பிறகு வைக்கும் பணத்தில் சராசரியாக 1.06 சதவீதம் கம்பெனிக்குப் போகும். பிளேயரில் வைத்தால் 1.24 சதவீதம். டையில் ஜெயித்தால் ஒன்றுக்கு எட்டு தருகிறார்கள். வாய்ப்புப்படி ஒன்றுக்கு ஒன்பதரை தந்தால்தான் நியாயமான கணக்கு. அந்த ஒன்றரை மடங்கு குறைவில் 14.36 சதவீதம் போய்விடுகிறது. முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வரும் என்று வைக்கும் பக்கப் பந்தயத்தில் 10.36. கமிஷன் இல்லாத பாக்கரட் என்று விளம்பரம் வரும். அங்கே பேங்கர் 6-ல் ஜெயித்தால் பாதிதான் தருவார்கள். கணக்கு போட்டால் சேதாரம் ஏறக்குறைய 1.46 சதவீதம், கமிஷன் பிடிக்கும் மேசையைவிடக் கூடுதல்.

ஒரு சதவீதம்தானே என்று கேட்பார்கள். தம்பியும் கேட்டான். ஒரு தடவை உருக்கினால் ஒரு சதவீதம். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை உருக்குகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

சாதாரண மேசையில் ஒரு ஆட்டத்துக்கு 48 விநாடி. ஸ்பீடு பாக்கரட்டில் 27 விநாடி. 27 விநாடி என்றால் மணிக்கு 133 ஆட்டம். ஆட்டத்துக்கு 100 ரூபாய் வைத்தால் ஒரு மணி நேரத்தில் 13,300 ரூபாய் மேசை மேல் போய் வருகிறது. கையில் இருந்த முதல் 2,000 என்றால் அதே 2,000 ஆறு ஏழு முறை உலைக்குள் போய் வந்த மாதிரி. பேங்கரில் மட்டுமே வைத்தாலும் மணிக்குச் சராசரி 141 ரூபாய் தேய்கிறது. தினம் இரண்டு மணி நேரம், முப்பது நாள் என்றால் 8,460. ஆட்டத்துக்கு 500 வைப்பவருக்கு 42,300. டையில் 100 வைத்தால் ஒரே மணி நேரத்தில் 1,910 ரூபாய்.

இதில் மோசடி எதுவும் இல்லை. சீட்டு சுத்தம், டீலர் சுத்தம், கருவி சுத்தம். பட்டறையில் தேய்ந்த வெள்ளி நம் தரையிலேயே கிடக்கும், கூட்டி எடுக்கலாம். மேசையில் தேய்ந்ததைக் கூட்டி எடுப்பவர் வேறு ஒருவர்.

ஆனால் நான் நேற்று 1,500 ஜெயித்தேனே?

ஜெயித்திருப்பீர்கள். நான் மறுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் சராசரி நஷ்டம் 141 என்றேன்; ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் ஆயிரம் ரூபாய் மேலேயோ கீழேயோ போவது சர்வசாதாரணம். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 141 கண்ணுக்கே தெரியாது. ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் ஓட்டைத் தொட்டியிலிருந்து சொட்டுவது தெரியாத மாதிரி.

தினம் இரண்டு மணி நேரம், 100 ரூபாய் பேங்கர் என்று ஆடும் நூறு பேரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து அவர்களில் ஏறக்குறைய 15 பேர் லாபத்தில் இருப்பார்கள். உண்மையான லாபம். அந்த 15 பேர்தான் டீக்கடையில் பேசுவார்கள், நண்பனைச் சேர்த்துவிடுவார்கள். அப்படியே ஆறு மாதம் ஆடினால் நூறில் ஒருவர் மிஞ்சுவதே சந்தேகம். என் தம்பி முதல் மாதம் அந்தப் பதினைந்து பேரில் ஒருவன். அது அவனுக்கு நடந்த மிகக் கெட்ட விஷயம் என்று இன்றும் நினைக்கிறேன். முதல் வாரத்திலேயே தோற்றிருந்தால் போனை மூடியிருப்பான்.

திரையில் சிவப்பு, நீல வட்டமெல்லாம் காட்டுகிறார்களே, அதைப் பார்த்து அடுத்தது சொல்லலாமா?

ரோடு என்பார்கள். ஜெயித்த வரிசையை வட்டமாகப் போட்டு வைக்கும் பலகை. பேங்கர் சிவப்பு, பிளேயர் நீலம், டை பச்சை. அதிலிருந்து கிளம்பும் சின்ன ரோடுகளும் உண்டு. ஒன்றுக்குக் கரப்பான்பூச்சி என்றே பெயர். தம்பி டியூஷன் நோட்டு மாதிரி ஒரு 200 பக்க நோட்டில் இதைக் கையால் வரைந்து வைத்திருந்தான். அழகான கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. படிக்கிற காலத்தில் அவன் கணக்கு நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அந்தப் பலகை நடந்ததைச் சொல்கிறது, பொய் இல்லை. நடக்கப் போவதைச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ கேசினோவில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. பத்துப் பதினைந்து கறுப்பு ஆனதும் இனிமேல் சிவப்புதான் என்று சிவப்பில் கொட்டிக்கொண்டே போனவர்கள் பெரும் பணம் இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை. 416 சீட்டில் போன சீட்டு திரும்ப வராது என்ற அளவுக்கு ஷூவுக்கு ஞாபகம் உண்டு. ஆனால் அதை வைத்துப் பலன் இல்லை என்பதைத்தான் மேலே தோர்ப் கணக்காகச் சொன்னேன்.

தோற்றால் இரண்டு மடங்கு, மறுபடி தோற்றால் நான்கு மடங்கு. எப்போதாவது ஜெயித்துத்தானே ஆக வேண்டும்?

100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700. எட்டாவது முறை 12,800 வைக்க வேண்டும், அது ஜெயித்தாலும் லாபம் 100 ரூபாய்; பேங்கராக இருந்தால் 640 ரூபாய் கமிஷன் போய் 100-ம் இல்லை, நஷ்டம். ஏழு தொடர் தோல்வி அபூர்வம் என்று நினைப்போம். ஸ்பீடு மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது ஒரு முறையாவது வந்துபோக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதோடு எல்லா மேசைக்கும் உச்சவரம்பு உண்டு. மடங்காக்கிக்கொண்டே போகிறவர் முட்டி நிற்கத்தான் அந்த வரம்பு.

டெலிகிராமில் ஒருவர் ஐந்து முறை தொடர்ந்து சரியாகச் சொன்னார். அவரை நம்பலாமா?

640 பேருக்கு மெசேஜ் போகிறது. பாதிப் பேருக்குப் பேங்கர், பாதிப் பேருக்குப் பிளேயர். தப்பாகப் போன 320 பேரை விட்டுவிட்டு மீதி 320 பேரைப் பிரிக்கிறார்கள். 160, 80, 40, 20. கடைசி இருபது பேருக்கு அவர் ஐந்துக்கு ஐந்து சொன்ன தெய்வம். நீங்கள் அந்த இருபதில் ஒருவர்.

அப்புறம் இன்னொன்று. ஆள் சேர்த்துவிடுபவருக்குப் பல தளங்களில் பங்கு உண்டு. சேர்ந்தவர் தோற்கும் பணத்திலிருந்து அந்தப் பங்கு வருகிறது. உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார் பக்கம் என்று அதை வைத்துப் பாருங்கள்.

ஆட்டம் நடக்கும்போது நெட் போய்விட்டால்?

ஏற்காட்டில் ஒரு காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் பழைய மாணவன் கேட்டது. அடிவாரத்தில் பஸ் ஏறியதும் மேசையைத் திறப்பானாம். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழாவது எட்டாவது வளைவில் பணம் வைத்த கையோடு சிக்னல் போய்விடும். ஏரிக்கு அருகே வரும்போதுதான் திரும்ப வரும். நடுவில் என்ன ஆகிறது?

மேசை அதை ஏற்றுக்கொண்டிருந்தால் ஆட்டம் நடந்து முடிந்துவிடும், கணக்கில் வரவோ பற்றோ ஏறிவிடும். ஸ்டூடியோவில் இருப்பவருக்கு நீங்கள் மலை ஏறுவது தெரியாது. ஏற்கவில்லை என்றால் பணம் கழியாது. அவனிடம் நான் கேட்டது வேறு. இரண்டு பக்கமும் காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் சில்வர் ஓக்கும் நிற்கிற பாதையில், வளைவுக்கு வளைவு, சிக்னல் கோடு எத்தனை என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறாயே, எவ்வளவு நாளாக? பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, எட்டு மாதம் சார் என்று மெசேஜ் அனுப்பினான்.

தமிழ்நாட்டில் இது சட்டப்படி சரியா?

இல்லை. குழப்பம் ரம்மியால் வருகிறது, அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

தமிழ்நாடு இணையவழி சூதாட்டத் தடைச் சட்டம் 2022-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்த இரண்டையும் தடையிலிருந்து எடுத்தது. அதிர்ஷ்டத்தை நம்பிப் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கான தடை அப்படியே நின்றது. மேலே காட்டிய அந்த 1–0 கையைப் பார்த்தால் பாக்கரட் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு, ஆகவே ஸ்டேட்டஸில் லிங்க் போடும் தம்பிகள் கவனிக்க வேண்டும்.

அதற்கு மேல் நாடாளுமன்றம் 2025-ல் ஒரு சட்டம் போட்டது; ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதில் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவே கிடையாது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் அப்படியே. நம் நாட்டுக் கம்பெனிகள் பல அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்தின. இன்றும் திறந்திருப்பவை வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவை.

கோவாவில் ஆடுகிறார்களே?

கோவாவில் அந்த மாநிலச் சட்டத்தின் அனுமதியோடு கேசினோ நடக்கிறது, மாண்டவி ஆற்றில் கப்பலிலும் நடக்கிறது. அது அங்கே நேரில் போய் ஆடுபவருக்கு. சேலத்தில் போனில் ஆடுவதை அது சட்டப்படி ஆக்காது.

குராசோ லைசென்ஸ் என்று போட்டிருக்கிறதே, அது பாதுகாப்பில்லையா?

குராசோ கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவு. லைசென்ஸ் அந்தத் தீவு கொடுத்தது. பணம் வரவில்லை என்றால் சேலம் நுகர்வோர் நீதிமன்றத்திலிருந்து அங்கே நோட்டீஸ் அனுப்பி என்ன ஆகும்?

பணம் போடுவதும் எடுப்பதும் யு.பி.ஐ. மூலம்தானே, அதில் என்ன ஆபத்து?

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். இதை யாரும் என்னிடம் முதலில் கேட்பதில்லை, கணக்கு முடங்கிய பிறகு கேட்கிறார்கள்.

பணம் போடப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெயர் காட்டும். ஒரு நாள் ஏதோ மளிகைக் கடை, ஒரு நாள் யாரோ ஒரு பெண்ணின் பெயர். அவை வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள். வேறு மோசடிகளில் ஏமாந்தவர்களின் பணமும் அதே கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. நீங்கள் ஜெயித்து எடுக்கும் பணம் அப்படி ஒரு கணக்கிலிருந்து வந்து விழும். பணத்தை இழந்த யாரோ ஒருவர் எங்கோ ஒரு மாநிலத்தில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் தருவார். போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் உங்கள் கணக்கு நிற்கும்.

தம்பிக்கு வந்தது 4,500 ரூபாய். அவன் ஜெயித்துச் சந்தோஷமாக எடுத்த பணம். மூன்று வாரம் கழித்துப் பட்டறையின் கரண்ட் அக்கவுன்ட் முடங்கியது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை. வாரக் கூலி நாள். ஆறு பேர் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருவர் திருவிழாவுக்கு என்று முன்பணமும் கேட்டிருந்தார். தம்பி வங்கிக்கும் பட்டறைக்கும் நடந்தான். வங்கியில், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி முடக்கியது, எங்கள் கையில் இல்லை என்றார்கள். இரண்டு மணிக்கு என் டியூஷனுக்கு வந்து வாசலில் நின்றான். பிள்ளைகள் முன்னால் எதுவும் பேசவில்லை. அண்ணா, ஒரு நிமிஷம் என்றான். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. கணக்கு திறக்க நான்கு மாதம் ஆனது.

ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் வரி கட்டு, டெபாசிட் கட்டு என்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட. வருமான வரியை யாரும் வாட்ஸ்அப்பில் முன்பணமாக வாங்குவதில்லை. திரையில் தெரியும் அந்தத் தொகை வெறும் எண். முன்பு போட்ட பணமும் இனி கட்டும் பணமும் ஒரே இடத்துக்குத்தான் போகும். உடனே 1930-க்கு அழையுங்கள் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் எதிர்முனையில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நாமும் ஆடினோமே, நம்மைப் பிடிப்பார்களோ என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. ஏமாற்றுபவர்கள் நம்பியிருப்பதே அந்தப் பயத்தைத்தான். பயமாக இருந்தால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஸ்டேட்மென்ட், மெசேஜ், பணம் போன கணக்கின் பெயர், எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்துப் போங்கள்.

என் பையன் ராத்திரி இரண்டு மணிக்கும் போனோடு இருக்கிறான். ஆடுகிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

போனைப் பிடுங்கிப் பார்த்தால் அடுத்த போன் வாங்குவான். வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். தெரியாத பெயர்களுக்கு 500, 1,000, 2,000 என்று முழுத் தொகைகள், ராத்திரி நேரத்தில், அடுத்தடுத்து போயிருக்கும். என் தம்பி ஸ்டேட்மென்ட்டில் ஒரே ராத்திரியில் பதினாலு வரி இருந்தது. கடன் ஆப்கள், வண்டி ஆர்.சி. காணாமல் போவது, சம்பள நாளுக்கு மறுநாளே கைமாற்று, இவையும் அடையாளம்.

திட்டுவதால் நிற்காது அம்மா. இதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நேரில் வரக் கூச்சப்பட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அரசு மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம். செத்துப் போகிறேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அதைச் சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். அன்றைக்கே அழையுங்கள், அன்று ராத்திரி அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

நிறுத்திவிட்டேன். கடனை எந்த வரிசையில் அடைப்பது?

விட்டதை ஆடியே பிடித்துவிடலாம் என்ற எண்ணம் வரிசையில் எங்கேயும் வரக்கூடாது. அது வரும், ராத்திரியில் வரும். தம்பி தன் யு.பி.ஐ.யை மனைவி போனுக்கு மாற்றிவிட்டான். அவன் போனில் இப்போது பணம் அனுப்ப வழி இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போடுங்கள். யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எல்லாம். ஒன்றையும் மறைக்காமல். முதலில் உங்களை நம்பி வேலை செய்தவரின் கூலி. அடுத்தது வட்டி அதிகமுள்ள கடன், பெரும்பாலும் கடன் ஆப். வங்கிக் கடனுக்கு நேரில் போய்த் தவணையை மாற்றித் தரக் கேட்கலாம், கேட்டால் தருகிற இடமும் உண்டு. சொந்தக்காரர்களிடம் உண்மையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

தம்பியின் நோட்டில் ஒரு கடன் ரூபாயில் இல்லை. வியாபாரி கொலுசு செய்யக் கொடுத்த வெள்ளியில் 600 கிராமை அவன் அடகு வைத்து மேசையில் விட்டிருந்தான். அவர் போலீசுக்குப் போகவில்லை. பணம் வேண்டாம், எடைக்கு எடை வெள்ளியாகக் கொடு என்றார். 2025-ல் வெள்ளி விலை ஏற ஏற அந்த 600 கிராமும் ரூபாயில் ஏறிக்கொண்டே போனது. கூலியில் மிஞ்சுவதைக் கிராமாக மாற்றி மாதா மாதம் தராசில் வைக்கிறான். இன்னும் 140 கிராம் பாக்கி. இந்த மாதம் 20 கொடுத்தால் 120.